வைட்டமின் மாத்திரை புகையைத் தடுக்குமா?

கேள்வி: எனக்கு 71 வயது. டெல்லியில் மகன் வீட்டில் இருக்கிறேன். குளிர்காலத்தில் காலை நடை முடிந்து மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிடுகிறது. மாசுக் காற்று வயதான எலிகளின் ஆன்டிஆக்சிடன்ட் பாதுகாப்பைக் குலைக்கிறது என்று படித்தேன். வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: ஐயா, கைக்குட்டையில் தெரிவது மூக்கு தடுத்துவிட்ட தூசு. என் கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே அவை கிளப்பும் வேதிச் சேதத்தைச் சமாளிக்க, குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்களை (இவைதான் ஆன்டிஆக்சிடன்ட்) உடலே தயாரித்துக்கொள்கிறது.

நீங்கள் படித்தது உண்மைதான். லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலையோரக் காற்றில் சேகரித்த நுண்துகள்களைச் சுண்டெலிகள் 10 வாரம் சுவாசித்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. இளம் எலிகளின் உடல் விழித்துக்கொண்டு, குளூட்டாதயோனை உருவாக்கும் நொதிகளைக் கூட்டியது. வயதான எலிகளிடம் அந்த ஏற்றம் இல்லை. புகை பட்டதும் உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி ஆணையிடும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தின் குரல் வயதானால் எடுபடுவதில்லை.

இந்தக் குறையை மாத்திரை தீர்க்காது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து பின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை; பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது 18 விழுக்காடு கூடியது! ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால், வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. கொய்யாவும் நெல்லிக்காயும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது போதும்.

நடையை விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். குளிர்கால விடியலில் புகை தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறிய பிற்பகலில் ஓரளவு கலைந்திருக்கும். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வெளியே போயே தீரவேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டிய என்95 முகக்கவசம் வேண்டும், துணி உதவாது.

இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்தும் வழக்கம் உண்டா? ஒரு சுருள் 75 சிகரெட்டுக்கும் மேலான நுண்துகளைக் கக்குவதாக அளந்திருக்கிறார்கள். இன்றே நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். படியேறும்போது முன்பில்லாத மூச்சுவாங்கல் இருந்தால், அருகிலுள்ள மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.