எந்த ஆனி மூர்?

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக பாஸ்டனில் இருக்கிறேன். மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் புனித பாட்ரிக் திருநாள் வந்தால் எங்கள் அலுவலகமே பச்சை நிறமாகிவிடும். கூட வேலை பார்க்கும் ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அயர்லாந்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆனால் யார் கேட்டாலும் "நான் ஐரிஷ்" என்றுதான் சொல்வார். இந்த வருடம் ஒரு பட்டியலும் அனுப்பினார். கென்னடி, ஒபாமா, முகமது அலி, சே குவேரா எல்லோரும் ஐரிஷ் வம்சம் என்று. எனக்கு இரண்டு கேள்விகள். இது வெறும் வம்சப் பெருமைதானே? இன்னொன்று, உருளைக்கிழங்கில் நோய் வந்ததால் கப்பலேறினோம் என்கிறார்கள். ஒரு பயிர் போனதற்கா ஒரு நாடே காலியாகும்?

ர., பாஸ்டன்

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குப் போக முடியாது.

செடியில் வந்தது பின்கருகல் நோய். நீலகிரியில் கிழங்கு போடுகிறவர்களைக் கேளுங்கள், குளிரும் ஈரமும் சேர்ந்து சில நாள் நின்றால் தோட்டமே வெந்நீர் ஊற்றிய மாதிரி ஆகிவிடும் என்பார்கள். 1845 இலையுதிர் காலத்தில் அது அயர்லாந்துக்கு வந்தது. அந்த வருடம் விளைச்சலில் ஒரு பங்கு போனது, 1846இல் கிட்டத்தட்ட எல்லாமே போனது. ஆனால் அதே நோய் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் ஸ்காட்லாந்திலும் வந்தது, அங்கெல்லாம் கஷ்டப்பட்டார்கள், அயர்லாந்து அளவுக்குச் சாகவில்லை. அயர்லாந்தில் சுமார் 30 லட்சம் பேருக்குக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. ஒரு கூலியாள் நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்கு தின்பார், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மோர். அந்த மண்ணில் வேறு எதுவும் விளையாமலா இருந்தது? ஓட்ஸ் விளைந்தது, கோதுமை விளைந்தது, வீட்டில் பன்றி வளர்ந்தது. அதெல்லாம் நிலக்கிழாருக்குக் குத்தகை கட்ட. நிலக்கிழார்களில் பலர் ஊரிலேயே இல்லை, இங்கிலாந்தில் இருந்தார்கள். குத்தகை கட்டியது போக, வீட்டை ஒட்டியிருந்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடும்படி விளைகிற ஒரே பயிர் கிழங்குதான், அதனால் அதைப் போட்டார்கள். அந்தக் கிழங்கு அழுகிய வருடங்களிலும் தானியமும் வெண்ணெயும் ஆடுமாடும் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. 1847இல் வெளியே போன தானியத்தைவிட உள்ளே வந்த தானியம் அதிகம் என்பதும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடையில் மூட்டை இருந்து என்ன, வாங்குகிறவன் கையில் காசில்லை.

அப்போது அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. முதல் வருடம் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வாங்கிப் போட்டார். அடுத்து வந்த அரசு, பட்டினி கிடந்தவர்களைக் கல் உடைக்கவும் ரோடு போடவும் விட்டது, கூலி வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்று. 1847 கோடையில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் அதில் சாப்பிட்டார்கள். என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். முடியும் என்று தெரிந்துவிட்டது. முடிந்ததைத்தான் அந்த இலையுதிர் காலத்தோடு நிறுத்தினார்கள். அதே வருடம் ஒரு சட்டப் பிரிவு வந்தது, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. சாப்பாடு வேண்டுமென்றால் நிலத்தை விடு. விட்டார்கள். விட்டவர்களின் கூரையை நிலக்கிழாரின் ஆட்கள் பிரித்துப் போட்டார்கள், திரும்பி வந்து குடியேறக் கூடாதென்று.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 81 லட்சத்து 75 ஆயிரம், 1851இல் 65 லட்சத்து 50 ஆயிரம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், 10 லட்சத்துக்கும் மேல் வெளியேறினார்கள். வடக்கும் தெற்கும் சேர்த்து அந்தத் தீவின் மக்கள்தொகை இன்றுவரை 1841ஐ எட்டவில்லை. ஒரு பயிர் போனதற்கா என்று கேட்டீர்கள். இல்லை, பயிர் போனதற்கு மட்டும் இல்லை.

லண்டன் கருவூலத்தில் அந்த நிவாரணத்தின் கயிற்றைக் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். சந்தையில் கை வைக்கக் கூடாது, இலவசச் சோறு மக்களைச் சோம்பேறியாக்கும், இந்தப் பஞ்சம் கடவுளே அனுப்பிய பாடம் என்று மனதார நம்பிய மனிதர். 1859இல் இவர்தான் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார், ஒரு வருடம்போல இருந்தார், கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு போட நினைத்த புது வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததால் திரும்ப அழைக்கப்பட்டார். பழைய சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் இவர் யோசனைதான். அவர் போய்ப் பதினாறு வருடம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் இங்கே இல்லை, ஆனால் சந்தையைத் தொடாதே என்ற அந்த நம்பிக்கை இங்கேதான் இருந்தது. நம் ஆட்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஐரிஷ்காரர்களின் கதையில் பாதியை விளக்கவே வேண்டாம்.

சரி, உங்கள் முதல் கேள்வி. அதற்கு ஆனி மூர் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தது. முதல் ஆளாக உள்ளே போனவள் கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர், பதினேழு வயது, கூட இரண்டு தம்பிகள். குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் (இன்று அதன் பெயர் கோவ்) நெவாடா என்ற கப்பலில் ஏறி, கீழ்த்தளத்தில் பன்னிரண்டு நாள் பயணம். அப்பா அம்மா முன்பே நியூயார்க் போய்விட்டார்கள், பிள்ளைகள் பின்னால் போனார்கள். அதிகாரி ஒருவர் அவள் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார், பத்திரிகைகளில் பெயர் வந்தது, அதோடு அவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து அவளைத் தேடியபோது ஒரு கதை கிடைத்தது. ஆனி மேற்கே டெக்சாஸுக்குப் போனாள், அயர்லாந்தின் பெரிய அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானலின் வம்சத்தில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்தாள், 1923இல் டிராம் மோதி இறந்தாள். புத்தகங்களில் அச்சானது, விழாக்களுக்கு அந்தக் குடும்பத்தை அழைத்தார்கள், அவர்களும் உண்மையென்று நம்பித்தான் வந்தார்கள். 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பதிவேடுகளைக் குடைந்தபோது தெரிந்தது, அந்த டெக்சாஸ் ஆனி அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அவர் கப்பலில் வரவே இல்லை. உண்மை ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 டாலர் என்று ஸ்மோலென்யாக் இணையத்தில் அறிவித்தார், சில வாரங்களில் ஆள் கிடைத்துவிட்டார்.

உண்மை ஆனி எங்கேயும் போகவில்லை. கப்பல் இறங்கிய நியூயார்க்கிலேயே, மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளிலேயே கடைசிவரை இருந்தார். ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்த, ஜெர்மன் வழி வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டார். பதினொரு பிள்ளைகள் பிறந்து ஐந்து பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். 1924இல், ஐம்பது வயதில், இதயம் நின்று இறந்தார். குவீன்ஸ் பகுதியில் கால்வரி கல்லறைத் தோட்டத்தில், தான் பறிகொடுத்த பிள்ளைகள் சிலரோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டார். மேலே கல் இல்லை. கோவ் துறைமுகத்தில் அவருக்குத் தம்பிகளோடு நிற்கிற சிலை, எல்லிஸ் தீவில் தனியாக நிற்கிற சிலை, இரண்டும் 1993லேயே வந்துவிட்டன. கல்லறைக்குக் கல் வந்தது 2008இல், அதுவும் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த நீலச் சுண்ணாம்புக்கல்.

உங்கள் நண்பர் அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் எனக்கு டெக்சாஸ் ஆனிதான் நினைவுக்கு வந்தார். அந்தப் பட்டியலில் பொய் ஒன்றுமில்லை. ஒபாமாவின் அம்மா வழி மூதாதை ஒருவர் 1850இல் மனிகால் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பினார். முகமது அலியின் கொள்ளுத்தாத்தா ஏப் கிரேடி என்னிஸ் ஊர்க்காரர், 2009இல் அலியே அந்த ஊருக்குப் போனார், நோயில் கை நடுங்க நடுங்க. சே குவேராவின் அப்பா பெயரிலேயே கால்வே நகரத்து லிஞ்ச் குடும்பம் இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் பட்டியலைப் படித்தால் ஐரிஷ்காரர்கள் கப்பலேறி நேராக மேடைக்குப் போனார்கள் என்று தோன்றும். கப்பலேறியவர்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள்.

குறிப்பாகப் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்கள் முன்னால் போய்ப் பெண்கள் பின்னால் போனார்கள், அயர்லாந்திலிருந்து கல்யாணமாகாத பெண்கள் தனியாகவே போனார்கள், மொத்தத்தில் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதி பேர் பெண்கள். பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைப் பிரிக்காமல் ஒரே மகனுக்குக் கொடுக்கும் வழக்கம் இறுகிவிட்டது, மற்ற பிள்ளைகளுக்குக் கப்பல்தான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஊரே வீட்டில் கூடும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே சாவு வீட்டில் ராக்கண் விழிப்பதற்கான பெயர்தான், அமெரிக்க இழவு. சாப்பாடும் பாட்டும் இருக்கும், விடிந்ததும் அம்மா ஒப்பாரி வைப்பாள், உயிரோடு நிற்கிற மகளுக்கு. அந்த மகள் பாஸ்டனில் ஏதோ ஒரு வீட்டில் விடிகாலையில் அடுப்பு மூட்டி, வீட்டுக்காரம்மா கூப்பிடும் பெயர் தன் பெயரோ இல்லையோ பிரிஜெட் (ஐரிஷ் வேலைக்காரப் பெண்களுக்கெல்லாம் பொதுவாக வைத்த பெயர்) என்றால் திரும்பிப் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் பணம் வைத்துக் கடிதம் போடுவாள். அந்தப் பணத்தில் குத்தகை கட்டினார்கள், அதே பணத்தில் அடுத்த தங்கைக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

கென்னடி வீட்டுக் கதையே அதுதானே. 1840களின் கடைசியில் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் வந்த பாட்ரிக் கென்னடி பத்து வருடத்தில் இறந்துபோனார். நாலு சின்னப் பிள்ளைகளோடு நின்ற அவர் மனைவியின் பெயர் பிரிஜெட் மர்ஃபி. கூலி வேலை பார்த்தார், பிறகு ஒரு சின்னக் கடையை வாங்கி நடத்தினார், அதில்தான் அந்தக் குடும்பம் நிமிர்ந்தது. அவருடைய மகனின் பேரன்தான் ஜனாதிபதி ஜான் கென்னடி. உங்கள் நண்பரின் பட்டியலை நான் எழுதியிருந்தால் முதலில் வந்திருப்பது ஜான் இல்லை, பிரிஜெட்.

இன்னொன்றையும் சேர்த்திருப்பேன், அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. பஞ்சத்துக்கு முன்பே, 1842இல், அடிமை முறைக்கு எதிராக நில்லுங்கள் என்று அமெரிக்க ஐரிஷ்காரர்களைக் கேட்டுக்கொண்டு அயர்லாந்திலிருந்து 60,000 பேர் கையெழுத்திட்ட வேண்டுகோள் ஒன்று வந்தது, முன்னால் நின்றவர் நான் மேலே சொன்ன ஓ'கானல். அதை வாசித்தது உங்கள் ஊர் ஃபேனல் ஹாலில்தான். அமெரிக்காவில் இருந்த ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராக நியூயார்க்கில் கலவரம் வந்தது. 300 டாலர் கட்டினால் போருக்குப் போக வேண்டாம், கட்ட முடியாத ஏழைக்குத்தான் துப்பாக்கி, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கும்பல் கறுப்பினத்தவரைப் பிடித்து விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டது, இருநூறுக்கும் மேல் குழந்தைகள் இருந்த கறுப்பினக் குழந்தைகள் அநாதை இல்லத்தைக் கொளுத்தியது, குழந்தைகளைப் பின்பக்கமாக வெளியே கொண்டுபோனதால் பிழைத்தார்கள். அந்தக் கும்பலில் நிறைய பேர் ஐரிஷ் கூலிகள். தடியடி நடத்தி அதை அடக்கப் போன போலீஸிலும் நிறைய ஐரிஷ்காரர்கள். பட்டினியில் விரட்டப்பட்டவன் பட்டினியில் இருப்பவன் பக்கம் தானாக வந்து நின்றுவிடுவதில்லை என்பதை இந்த வரலாற்றில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் உங்கள் நண்பர் "நான் ஐரிஷ்" என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எரிச்சலும் வேண்டாம். எந்த ஆனியைச் சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி. அவரிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் வந்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், எந்த ஊர். அநேகமாக கவுண்டி பெயரைச் சொல்வார், அது நம் மாவட்டம் மாதிரி, அதை வைத்து ஒன்றும் தேட முடியாது. அதற்கு அடியில் டவுன்லேண்ட் என்று ஒன்று இருக்கிறது, சில பத்து வீடுகள் உள்ள சின்ன நிலப்பகுதி, அந்தத் தீவில் 60,000க்கு மேல் இருக்கின்றன, அந்தப் பெயர் வேண்டும். தேடுவது சுலபம் இல்லை. 1922இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அதோடு போய்விட்டன. மிஞ்சியது கிரிஃபித் மதிப்பீடு, பஞ்ச காலத்தில் தொடங்கி 1864 வரை யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்று வரிக்காக எடுத்த பட்டியல். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 1901, 1911 கணக்கெடுப்புகளும் அப்படியே. ஊர்க் கோயில் பதிவேடுகளில் ஞானஸ்நானமும் கல்யாணமும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவரோடு உட்கார்ந்து தேடுங்கள். பாட்டி பெயர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.