லிங்ஷோப்பிங்கில் தின் ஃபிலிம் பி.எச்.டி.: புதிதாக வரும் தம்பிக்கு

தம்பி, எம்.எஸ்சி.யில் ஸ்ப்ரே பைராலிசிஸ் மட்டுமே செய்திருக்கிறேன், ஸ்பட்டரிங் கருவியைப் பார்த்ததுகூட இல்லை, ஸ்வீடனில் லிங்ஷோப்பிங்கில் பி.எச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, சமாளித்துவிடுவேனா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சமாளிப்பீர்கள். சூடான கண்ணாடியில் கரைசலைத் தெளித்து, வெப்பநிலையை மாற்றி மாற்றிப் மெல்லிய படலம் (தின் ஃபிலிம்) எப்படி வளர்கிறது என்று கவனித்தவர் நீங்கள். அந்தக் கண்தான் இங்கும் வேண்டும்.

புதிதாகப் பழக வேண்டியது வெற்றிடம். ஸ்பட்டரிங், காற்றை வெளியேற்றிய சேம்பர் என்ற மூடிய கலத்துக்குள் நடக்கும். ஆர்கான் அயனிகள் டைட்டானியத் தகட்டில் மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கும்; அவை எதிரே உள்ள பரப்பில் படலமாகப் படியும். நைட்ரஜனையும் உள்ளே விட்டால் தங்க நிற டைட்டானியம் நைட்ரைடு படியும். நைட்ரஜன் குறைந்தால் நிறம் வெளுக்கும். வெட்டுக் கருவிகளின் முனையில் பளபளக்கிறதே, அந்தப் பூச்சுதான். ஆனால் சேம்பரை ஒருமுறை திறந்தால் காற்றின் ஈரம் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை விரட்ட இரவெல்லாம் பம்ப் ஓட வேண்டும், சுவரைச் சூடாக்க வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசைகூடப் படலத்தைக் கெடுக்கும். அதனால் கிளவுஸ் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். திறப்பதற்கு முன், உள்ளே செய்ய வேண்டிய எல்லா வேலையையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் ஓடும் நேரத்தில் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது), எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பயிற்சிகளை முடித்துவிடுங்கள்.

நீங்கள் வரும் ஊர் இந்தத் துறைக்குச் சாதாரண ஊர் இல்லை. குறுகிய துடிப்புகளில் பெரும் மின்திறனைச் செலுத்தும் ஹைப்பிம்ஸ் என்ற ஸ்பட்டரிங் முறையை உலகமெங்கும் பேச வைத்த 1999-ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கிருந்துதான் வந்தது. கிளம்பும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

அப்புறம், வழிகாட்டியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் நாக்கு கூசும், பழகிவிடும். அதைவிடக் கடினம் எதிர்த்துப் பேசுவது. ‘இந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். சார் முன்னால் வாயைத் திறக்காமல் இருப்பதை மரியாதை என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே அந்த மௌனத்தை, ஆளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் நல்ல மூளையிருந்தும் இதில் பின்தங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். கருவியில் ஏதாவது தவறினாலும் அன்றே சொல்லிவிடுங்கள்; யாரும் திட்ட மாட்டார்கள், கூட நின்று சரிசெய்வார்கள்.

இங்கே பி.எச்.டி. என்பது பெரும்பாலும் வேலைதான். சம்பளம், வரி, விடுப்பு எல்லாம் உண்டு. முழுநேரப் படிப்பு 4 ஆண்டு, பாடம் நடத்தினால் 5 வரை நீளும். டிசம்பரில் மாலை 3 மணிக்கே இருட்டிவிடும், பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நடங்கள். வந்ததும் பெர்சூன்நும்மர் என்ற அடையாள எண்ணுக்கு விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் வங்கிக் கணக்குக்கு அலைய வேண்டிவரும். வாடகை வீட்டு வரிசையில் இன்றே பதியுங்கள். சம்பளம் மாதம் 25-ஆம் தேதி வாக்கில்தான் வரும். முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணத்தோடு வாருங்கள்.