விக்டோரியா காலத்துப் பிரிட்டன் நாணயங்களைச் சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பென்னியிலிருந்து தொடங்குங்கள், வெள்ளியும் தங்கமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1837 முதல் 1901 வரை ஆண்ட ராணி. எல்லா மதிப்பிலும் ஆண்டுக்கு ஒன்று என்று கிளம்பினால் பர்ஸ் தாங்காது. 1869 பென்னி ஒன்றே போதும், ஆளைச் சோர்வாக்கிவிடும்.

1860இல் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறினார்கள். அப்போது வந்த பென்னியில் ராணி கொண்டை போட்டிருப்பார், சேகரிப்பவர்கள் அதை 'பன்' பென்னி என்பார்கள், 1894 வரை அதுதான். 9.4 கிராம், கிட்டத்தட்ட 31 மி.மீ. அகலம், நல்ல தாட்டியான காசு. பின்பக்கம் பிரிட்டானியா (பிரிட்டனை உருவகிக்கும் பெண்) உட்கார்ந்திருக்க, இடப்பக்கம் கலங்கரை விளக்கம், வலப்பக்கம் கப்பல். கை மாறி மாறி முதலில் மழுங்குவது தலைமுடிதான், அதனால் லென்ஸ் வைத்து முடி இழைகளைப் பார்த்து வாங்குங்கள். ஆண்டுக்குக் கீழே பொடியாக 'எச்' இருந்தால் (1874, 1882 போன்ற சில ஆண்டுகளில்) அது லண்டனில் அல்ல, பர்மிங்காமில் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1895இல் முக்காடு போட்ட வயதான ராணி வந்தபோது கலங்கரை விளக்கமும் கப்பலும் போய்விட்டன, எனக்கு அதில் வருத்தம்தான்.

வெள்ளியில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 1887 சிக்ஸ்பென்ஸ், அதாவது அரை ஷில்லிங் காசு. ராணி ஆட்சியின் பொன்விழாவுக்காக மாற்றிய அந்த வடிவம் அரை சாவரின் தங்கக் காசை அப்படியே ஒத்திருந்தது, அளவும் ஏறக்குறைய அதே. விடுவார்களா, தங்க முலாம் பூசி அரை சாவரின் என்று பத்து ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டார்கள், அதாவது இருபது மடங்கு! அதே ஆண்டே வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. முலாம் பூசிய காசு கிடைத்தால் குறைவாக நினைக்காதீர்கள், சுத்தமான காசைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

நமக்குத் தொடர்புள்ள ஒன்று: 'இந்தியப் பேரரசி' பட்டம் நம் ரூபாயில் 1877லேயே ஏறிவிட்டது, பிரிட்டன் காசில் 'இண்ட் இம்ப்' என்று அதன் சுருக்கம் வர 1893 ஆயிற்று.

வாங்கியதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பளபளப்பு வரும், விலை போய்விடும். 1847 கோதிக் கிரவுனை (பெரிய வெள்ளிக் காசு) யாராவது மலிவாக நீட்டினால் முதலில் தராசில் வையுங்கள். மொத்தமே 8,000 போல அடித்தது, எடை 28.28 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம், கணிசமாகக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.