லோஜில் ஏழு மாதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். பிறந்து வளர்ந்தது மொரீஷியஸ் தீவில் காத்ர் போர்ன். சென்னையில் பி.காம். படித்த மூன்று வருடத்தில் ஒட்டிக்கொண்ட தமிழ் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 36. எபேனில் தணிக்கை வேலை.

ஏழு மாதத்துக்கு முன்பு போர்ட் லூயிசில் ஒரு பிரீமேசன் லோஜில், அதாவது சடங்குகளோடு நடக்கும் அந்தச் சகோதர சங்கத்தின் ஒரு கிளையில், சேர்ந்தேன். பிரெஞ்சு முறை லோஜ். கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அழைத்துப் போனார். எனக்குப் பணக் கஷ்டம் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, ஆனாலும் வாழ்க்கை எக்செல் ஷீட் மாதிரி ஆகிவிட்டது. மனதுக்கு ஒரு நிறைவு வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். சேர்த்துக்கொண்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு உலுக்கிவிட்டது. அதற்கப்புறம்? மாதம் இரண்டு வியாழக்கிழமை கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு வடக்குப் பக்கம் உட்கார்கிறேன். அப்ரான்டி, அதாவது புதிதாகச் சேர்ந்தவன், வாய் திறக்கக் கூடாதாம். யாரோ ஒருவர் சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் கட்டுரை வாசிக்கிறார். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறேன், சாப்பாடு பரிமாறுகிறேன். நிறைவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். சொல்லக் கூடாது என்பதைவிட, சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. அம்மாவோ யூடியூபில் இலுமினாட்டி வீடியோ பார்த்துவிட்டு, வருஷா வருஷம் முருகனுக்குக் காவடி எடுக்கிற பிள்ளை சாத்தானிடம் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று அழுகிறார். நீங்கள் அந்தப் பக்கம் போனவர் என்று கேள்விப்பட்டேன். தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

ச.

அன்புள்ள தம்பி,

கேள்விப்பட்டது சரிதான். இருபது வருடத்துக்கு முன்பு நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனவன். பதினொரு வருடம் ஒழுங்காகப் போனேன். இப்போது லோஜ்காரர்கள் பாஷையில் நான் 'தூங்குகிறேன்', முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குப் போகாமல் இருப்பவனுக்கு அங்கே அதுதான் பெயர். தலைவர் யார் என்பதில் எங்கள் லோஜ் இரண்டு கோஷ்டியானது, கோயில் நிர்வாகக் குழுவில் பார்த்துச் சலித்த அதே சண்டை, பிரெஞ்சில் நடந்தது என்பதுதான் வித்தியாசம், எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆகவே இதை ஒரு தூங்குமூஞ்சியின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளச் சொற்களையும் கூட இருந்தவர்களின் பெயர்களையும் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்தாயிற்று. மற்றதெல்லாம் அச்சில் வந்து பழையதாகிப்போன விஷயம்தான்.

காவடி எடுப்பவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன். கொடியேறியதிலிருந்து பத்து நாள் கரேம் இருக்கிறோம் (நம் ஊரில் முருகன் விரதத்துக்குக்கூட பிரெஞ்சுப் பெயர்தான், என்ன செய்ய). நாலாம் நாள் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்து நாலாம் நாள் யாருக்கும் பக்தி பொங்கியதில்லை. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பான், வயிறு கூவும், எரிச்சலாக வரும், வீட்டில் குழந்தைகள் மேல் விழுவோம். அந்த நேரத்தில் ஒருவர் வந்து "தம்பி, நிறைவு கிடைத்ததா?" என்று கேட்டால் அடிக்கத்தான் தோன்றும். லோஜில் நீங்கள் இப்போது நாலாம் நாளில் இருக்கிறீர்கள். இன்னொன்று, நாக்கில் அலகு குத்திக்கொண்டு கோர் தெ கார்ட் மலையடிக்கு நடக்கிறவனால் பேச முடியாது, அதை நாம் தண்டனை என்று நினைப்பதில்லை. லோஜில் பேசாதே என்றால் மட்டும் ஏன் சுருக்கென்று குத்துகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எனக்குக் குத்தியது. நான் வாத்தியார், நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்கியவன். ஆங்கில முறை லோஜில் சேர்ந்திருந்தால் குறைந்தது நான்கு வாரம் கழிந்தாலே அடுத்த படிக்குப் போக வழி உண்டு, அங்கே கேள்வி பதிலை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். பிரெஞ்சு லோஜில் ஏறக்குறைய ஒரு வருடம், சில இடங்களில் அதற்கு மேலும், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் ஐந்தாறு மாதம் நான் பேசவில்லையே தவிர, கேட்கவும் இல்லை. யார் எதை வாசித்தாலும் மனதுக்குள் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன், அந்தப் பதிலெல்லாம் மிகப் பிரமாதமாக இருந்தது, கைதட்டல்கூட நானே போட்டுக்கொண்டேன். பதில் சொல்லும் வாய்ப்பே வராது என்று உடம்புக்குப் புரிந்த பிறகுதான் எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதே காதில் விழ ஆரம்பித்தது.

அப்படி முதலில் விழுந்தது ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த ஒரு கிரியோல் பெரியவரின் குரல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூக்குக்குண்டு பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், உளி, சுத்தியல் என்று கொத்தனாரின் சாமான்களை வைத்துத்தான் அங்கே எல்லாமே நடக்கும், மேசன் என்றாலே கொத்தனார்தானே. மற்றவர்கள் தூக்குக்குண்டு என்றால் நேர்மை, வாய்மை என்று ஆரம்பிப்பார்கள். இவர் கிரேனில் தொங்கும் சரக்கைப் பற்றிப் பேசினார். சரக்கு காற்றில் ஆட ஆரம்பித்தால் புதுப் பையன் பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பானாம், ஆட்டம் இன்னும் கூடும். அனுபவப்பட்டவன் சரக்கு போகிற பக்கமே கிரேனையும் கொஞ்சம் நகர்த்துவான், கயிறு நேராகும், ஆட்டம் அடங்கும். அன்று வீட்டில் பதினைந்து வயது மகனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரில் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமலே இருந்தேன். இந்த மனிதரை லோஜுக்கு வெளியே நான் எங்கே பார்த்திருப்பேன், பார்த்தாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் எங்கே கேட்டிருப்பேன்?

நம் தீவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழனுக்குத் தமிழ்க் கோயில், தெலுங்கருக்கு அவர்கள் சபை, முஸ்லிமுக்கு மசூதி, சீனருக்கு அவர்கள் சங்கம், தேர்தலில்கூட வேட்பாளர் எந்தச் சமூகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பார்த்தால் "சா வா" (சௌக்கியமா) என்று சிரிப்போம், கல்யாணத்துக்கு அழைப்போம், பிரியாணி சாப்பிடுவோம். உட்கார்ந்து ஒருவர் இன்னொருவர் பேச்சை முக்கால் மணி நேரம் குறுக்கிடாமல் கேட்பது மட்டும் எங்கேயும் கிடையாது. எனக்குத் தெரிந்து அது நடந்த அறை அந்த ஒன்றுதான். நீங்கள் தேடுகிற நிறைவு உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று ஏழு மாதமாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள்.

இப்படிச் சொல்வதால் எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் முடியும்போது கையுறையைக் கழற்றிவிட்டு எல்லோரும் கை கோத்து வட்டமாக நிற்பீர்களே, என் முதல் வட்டத்தில் என் வலது கையைப் பிடித்திருந்தவர் சர்க்கரைக் குடும்பத்து வெள்ளைக்காரர். என் தாத்தா கரும்பு வெட்டியது அவர்கள் தோட்டத்தில். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு வங்கி வாசலில் அதே மனிதர் என்னைத் தாண்டிப் போனார், நான் கையைத் தூக்கினேன், அவருக்கு என்னைத் தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டாம் என்று இருந்தது. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் அப்பா இறந்த ராத்திரி கிரேன்காரர் வந்தார். யாரும் சொல்லாமலே அடுக்களைக்குப் போய், விடிய விடிய இருந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்தார், நம் சொந்தக்காரர்கள் "யார் இவர்?" என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே லோஜ்தான்.

உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. ஆங்கிலச் சடங்கில் புதியவனுக்குக் கொடுக்கும் முதல் சாமானே 24 அங்குல அளவுகோல், நாளின் 24 மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள. கொஞ்சம் பிரார்த்தனைக்கு, கொஞ்சம் உழைப்புக்கும் ஓய்வுக்கும், கொஞ்சம் கஷ்டத்தில் இருப்பவனுக்கு உதவ, அதுவும் தனக்கும் தன் வீட்டாருக்கும் பாதகம் இல்லாமல் என்று அதிலேயே சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அந்தக் கடைசித் துண்டைத்தான் ஆண்பிள்ளைகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பிரெஞ்சு லோஜ்களில் வெளியாரையும் உள்ளே விடுகிற கூட்டம் அவ்வப்போது நடக்கும், தெனூ பிளான்ஷ் என்பார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு அவர் கொட்டாவி விட்டாரானால் சந்தேகம் தீர்ந்தது என்று அர்த்தம். அதுவரை, "இன்று இன்னார் இதைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொன்னார்" என்று ஆள் பெயர் இல்லாமல் சொல்வதில் எந்தப் பாவமும் இல்லை. அப்படிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றால் நீங்கள் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

அம்மாவுக்கு: இலுமினாட்டி என்பது 1776-இல் பவேரியாவில் ஒரு பேராசிரியர் ஆரம்பித்த சங்கம், பத்து வருடத்துக்குள் அரசாங்கம் அதைத் தடை செய்து மூடிவிட்டது, அதற்கு அப்புறம் அது வளர்ந்ததெல்லாம் யூடியூபில்தான். சாத்தான் விஷயம் என்றால், பிரெஞ்சு லோஜ்களின் தலைமைச் சங்கமான கிராண்ட் ஓரியன்ட் 1877-இலேயே கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்று விதியை மாற்றிவிட்டது, ஆங்கிலேயர்கள் அந்தக் கோபத்தில் உறவையே முறித்துக்கொண்டார்கள். உங்கள் லோஜும் அந்த வழியில் வந்தது என்றால் அங்கே பலருக்குக் கடவுளே சந்தேகம், சாத்தானை எங்கே போய்க் கும்பிடுவார்கள்? இந்தியாவில் லோஜ்களில் பகவத்கீதையின் மேல் கை வைத்தும் உறுதி எடுக்கிறார்கள். 1884 பிப்ரவரி 19-இல் கல்கத்தாவில் ஆங்கர் அண்ட் ஹோப் லோஜில் சேர்ந்த 21 வயதுப் பையன் நரேந்திரநாத் தத்தர், அதாவது நம் விவேகானந்தர். அதே மாதம் அவர் அப்பா இறந்து குடும்பம் தெருவுக்கு வருகிற நிலைமை. அவர் லோஜோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அம்மாவுக்கு அதுதான் ஆறுதலாக இருக்கும்.

தொடரட்டுமா என்றால், ஒரு வருடம் முடியட்டும். தொழிலில் ஆள் பிடிக்கலாம், பதவிக்கு வழி கிடைக்கும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதற்குக் கோல்ஃப் நல்லது. அது இல்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. சேர்த்துக்கொண்ட அன்று கறுப்பு அறையில் மண்டையோட்டுக்கும் உப்புக்கும் கந்தகத்துக்கும் நடுவில் உட்கார்த்தி உங்களை ஓர் உயில் எழுதச் சொல்லியிருப்பார்கள். என்ன எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா? நான் என்னுடையதில் பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டிருந்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்களுடையதில் ஒரே ஒரு வரியாவது இந்த ஏழு மாதத்தில் நீங்கள் செய்தது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் கழித்தும் ஒன்றுமில்லை என்றால் கூச்சப்படாமல் விலகுங்கள், யாரும் கழுத்தை அறுக்க மாட்டார்கள். மிஞ்சிப்போனால் மறுபடி வரச்சொல்லி இரண்டு தடவை போன் பண்ணுவார்கள்.

வருடம் முடியும்போது உங்களையும் ஒரு கட்டுரை, பிளான்ஷ், எழுதச் சொல்வார்கள். எல்லா அப்ரான்டியும் கரடுமுரடான கல்லைச் செதுக்குவது பற்றி எழுதுவான், நானும் எழுதினேன், கேட்டவர்கள் பாவம். நீங்கள் வேறொன்று செய்யுங்கள். போர்ட் லூயிசில் லா த்ரிப்பிள் எஸ்பெரான்ஸ் லோஜ் 1778-இல் ஆரம்பித்தது, அடிமைகளின் உழைப்பில் ஓடிக்கொண்டிருந்த தீவில், 1835-இல் அடிமை முறை ஒழிவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், சமத்துவம் என்று பேசிக்கொண்டு. ஆனால் அந்த லோஜுக்கும் நாற்பது வருடம் முந்தி, லபோர்தொனே கவர்னராக இருந்த 1730களில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் கப்பலில் கொண்டுவந்து இந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள். மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நிஜமாகவே கையில் பிடித்த மேசன்கள் நம் ஆட்கள்தான், அவர்களில் ஒருவர் பெயரும் எந்த லோஜ் சுவரிலும் நான் பார்த்ததில்லை. பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு, ஆர்கமாஸ் என்று இன்னும் நம் கிழவிகள் சொல்கிற அந்தத் தளம், தமிழ்நாட்டுக் கொத்தனார் சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காயும் வெல்லமும், இதையெல்லாம் தேடி எழுதுங்கள். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் நூலகம் உங்கள் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம். வாசித்து முடித்ததும் என்ன கேள்வி வந்தது என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். கிரேன்காரர் இப்போது இல்லை, இருந்திருந்தால் முதல் கேள்வி அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.