ஆர்.எஃப். சிகிச்சைக்குப் பின் கன்னத்தில் புள்ளியும் பள்ளமும்

கேள்வி: எனக்கு 41 வயது, மாநிறம். கன்னம் தொய்ந்திருக்கிறது என்று அழகு நிலையத்தில் ஊசி வைத்த ஆர்.எஃப். (ரேடியோ அலை) சிகிச்சை எடுத்தேன். நடுவில் சுரீரென்று எரிந்தது. ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்றார்கள். ஐந்து வாரம் ஆகியும் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. வலது கன்னத்தில் லேசான பள்ளமும் தெரிகிறது. சரியாகுமா? அடுத்த சிட்டிங்குக்குப் பணம் கட்டிவிட்டேன், போகலாமா?

– வாசகி, திருப்பூர்

பதில்: புள்ளிகள் பெரும்பாலும் மங்கிவிடும். பள்ளத்தை மட்டும் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது.

ரேடியோ அலை மின்சாரம் தோலுக்குள் பாயும்போது திசுவின் மின்தடையால் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சுருங்குகிறது, பிறகு புதிதாகவும் உருவாகிறது. அளவு மீறினால் அதே சூடுதான் தீக்காயம். சக்தியை அதிகம் வைத்தாலோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, ஊசி சரியாகப் பதியாவிட்டாலோ இப்படி நடக்கும். லேசர் போல இது தோலின் நிறமியைத் தேடிப் போவதில்லை. அதனால் ‘மாநிறத்துக்குப் பயமே இல்லை’ என்பார்கள். பாதிதான் உண்மை. நம் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கறுப்பு தங்கும்.

விரல் நுனியால் புள்ளிகளைத் தடவிப் பாருங்கள். சமமாக இருந்தால் வெறும் நிறமாற்றமாகத்தான் இருக்கும். மங்கச் சில மாதங்கள் பிடிக்கும். மேடோ குழியோ தட்டுப்பட்டால் தழும்பாக இருக்கலாம். தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள், சுரண்டாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘வெள்ளையாக்கும்’ கிரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

பள்ளம் வேறு விஷயம். சூடு தோலைத் தாண்டிக் கீழே கொழுப்புவரை போய் அதைக் கரைத்திருக்கலாம். வீக்கம் வடிந்த பிறகுதான் இது கண்ணில் படும். அங்கே கிரீம் எதுவும் எட்டாது. தேவைப்பட்டால் பிறகு ஃபில்லரோ (பள்ளத்தை நிரப்பும் ஊசி) கொழுப்பு மாற்றோ (உடலின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து வைப்பது) செய்யலாம், அவசரமில்லை. ஆனால் அந்தப் பக்கம் மரத்திருந்தாலோ, சிரிக்கும்போது வாய் கோணினாலோ, நரம்பு பாதித்ததா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் நாளைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். இதெல்லாம் உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஊசி ஆர்.எஃப். கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஏற்படுவதாகப் புகார்கள் வந்ததால், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரிக்கையே வெளியிட்டது.

அந்த ‘பொறுத்துக்கோங்க’ எனக்குப் பிடிக்கவில்லை. மரப்பு கிரீம் போட்ட பிறகும் சுரீரென்று எரிந்தால், நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த சிட்டிங் வேண்டாம். ‘பள்ளத்தை நாங்களே சரிசெய்கிறோம்’ என்றாலும் போகாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூடவே கருவியின் பெயர், வைத்த சக்தி, ஊசி இறங்கிய ஆழம் மூன்றையும் எழுதி வாங்கி, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.