துத்தநாக மாத்திரை போட்டால் புண் ஆறிவிடுமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. ஆனால் வலி இல்லை, நடமாட்டத்துக்கும் குறைவில்லை. மருந்துக்கடையில் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை கொடுத்து, காலை ஒன்று, இரவு ஒன்று போடச் சொன்னார்கள். புண் சீழ் பிடிக்கக் கூடாதென்று கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் இருக்கிறார். மாத்திரையைத் தொடரலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வலி இல்லை என்கிறீர்களே, எனக்குக் கவலையே அதில்தான் அம்மா. சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போனவருக்குத்தான் உள்ளங்காலில் புண் இருந்தும் வலிக்காமல் இருக்கும். வலிக்காததால் அவர் நடக்கிறார். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை அந்தப் புண்மேல் விழுகிறது. எந்த மாத்திரையாலும் அதை ஈடுகட்ட முடியாது. இந்த வாரமே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடமோ, பாதச் சிகிச்சை தனியாக உள்ள மருத்துவமனையிலோ காட்டுங்கள். சிவந்து வீங்கினாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

என்னிடம் இப்படி ஒருவர் வந்தால் முதலில் புண்ணின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். சுற்றிலும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தோல் காய்த்துப்போயிருக்கும். காய்ப்பைச் சீவி எடுத்தால்தான் புண்ணின் உண்மையான அளவு தெரியும். வெளியே மிளகளவு தெரிந்தது உள்ளே நெல்லிக்காய் அளவுக்குக் குடைந்திருப்பதும் உண்டு. அப்புறம் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று பார்ப்பேன். ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பையும் எடுத்து வரச்சொல்வேன். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அழுத்தம் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த அழுத்தத்தைக் குறைக்கத் தனிச் செருப்போ மாவுக்கட்டோ தேவைப்படலாம்.

சரி, துத்தநாகத்துக்கு வருவோம். புண் ஆறுவதில் அதற்கு உண்மையிலேயே பங்கு உண்டு. புதிய செல்கள் பிரிந்து பெருகவும், கிருமிகளோடு போராடவும், சிதைந்த திசுவை அறுத்து அகற்றும் நொதிகள் வேலை செய்யவும் அது வேண்டும். அது குறைந்தவருக்குப் புண் ஆறத் தாமதமாகும். 1967இல் அமெரிக்க விமானப்படை வீரர்கள் 20 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. அறுவைக்குப் பிறகு துத்தநாக சல்ஃபேட் சாப்பிட்ட 10 பேருக்குச் சராசரியாக 46 நாளில் புண் ஆறியது, மற்ற 10 பேருக்கு 80 நாள் ஆயிற்று. இந்த மாத்திரைக்குப் பெயர் வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பின்னாளில் நாள்பட்ட கால் புண்காரர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பதால் பலன் தெரியவில்லை. குறைபாடு இருந்தால் உதவும். இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் புண் வேகமாக ஆறிவிடாது.

அப்பா எடுப்பது நாளைக்கு 100 மில்லிகிராம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நெடுநாள் எடுக்க, பெரியவர்களுக்கு 40தான் உச்சம் என்று வைத்திருக்கிறார்கள். இந்த அளவில் மாதக்கணக்கில் போட்டால், குடல் தாமிரத்தை உறிஞ்சுவது தடைப்படும். ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், கால் நரம்புகளும் கெடும். ஏற்கெனவே மரத்துப்போன காலுக்கு இது கூடவே கூடாது. அதனால் இப்போதைக்கு நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

பத்தியத்தையும் இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். கறியும் முட்டையும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று நம் ஊரில் எத்தனையோ வீட்டில் நம்புகிறார்கள். ரசம் சோறும் இட்லியுமாக மெலிந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கையில் மனது வேதனைப்படுகிறது. சீழ் கிருமியால் வருகிறது, முட்டையால் அல்ல. புதிதாகச் சதை வளரப் புரதம் வேண்டும். ஆட்டுக்கறியிலும் நண்டிலும் முட்டையிலும் புரதத்தோடு துத்தநாகமும் சேர்ந்தே கிடைக்கிறது. கடையில் மாத்திரையாக வாங்குவதைத்தான் அவர் தட்டிலிருந்து ஒதுக்கிவைத்திருக்கிறார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். துத்தநாகத்துக்கு என்ன சாப்பிடலாம்?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: எள், பூசணி விதை, முந்திரி, கொண்டைக்கடலை, பயறு வகைகள், கேழ்வரகு. தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் அது குறையும். ஆகவே முளைப்பயறு சுண்டலும், உளுந்து சேர்த்துப் புளித்த தோசையும் நல்ல வழி. எள்ளுப்பொடியைத் தொட்டுக்கொள்ளுங்கள், இன்னும் நல்லது.

கேள்வி: குழந்தைக்குப் போடும் ஜிங்க் ஆக்சைடு களிம்பை வெட்டுக்காயத்தில் தடவலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஈரத்தால் சிவந்து புண்ணான தோலுக்கு அது அருமையான காப்பு. கசியும் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறிப்போகாமலிருக்க நானும் தடவச் சொல்வதுண்டு. ஆழமான வெட்டுக்குள் வைத்து அடைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தையலுக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.