பால்கனியை அடைப்பதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 20 வயது. ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது அடைத்திருக்கிறார்கள், எதையாவது இடித்திருக்கிறார்கள். வரைபடத்தில் இருந்த கட்டடம் இப்போது இல்லை. இது சீரழிவா, இயல்பா? நானும் பால்கனியை அடைத்து ஓர் அறையாக்க நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

இயல்புதான். குடியிருப்பவர் கை வைக்க முடியாத கட்டடத்தைத்தான் சீக்கிரம் இடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1943இல் போர்க்காலத் தேவைக்காகத் தற்காலிகமாக மரத்தில் எழுப்பிய 20ஆம் எண் கட்டடம் 1998 வரை இருந்தது. குழாயும் வயரும் வெளியே தெரியும்படி ஓடியதால், வேண்டிய இடத்தில் இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். தடுப்பை வேண்டியபடி பெயர்த்தார்கள்.

ஆனால் எல்லாப் பாகத்துக்கும் ஆயுள் ஒன்றல்ல. தூண், உத்திரம், தளம் ஆகியவை கட்டடம் உள்ளவரை இருக்க வேண்டியவை. குழாயும் வயரும் இடையில் மாற்ற வேண்டியவை. அறைத் தடுப்பு அதற்கும் முன்பே மாறும். சீக்கிரம் மாறப்போகும் ஒன்றுக்காகக் கடைசிவரை நிற்க வேண்டியதை வெட்டுவதுதான் தவறு.

உங்கள் பால்கனி தூணில்லாமல் வெளியே நீட்டி நிற்கும் தளமாக இருந்தால், அதைத் தாங்கும் முக்கியக் கம்பி தளத்தின் மேற்பக்கத்தில், மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கும். டைல்ஸைப் பெயர்க்கும்போதோ வயருக்குக் காடி வெட்டும்போதோ அதை அறுத்துவிடுவது எளிது. அறுந்தது கீழிருந்து பார்த்தால் தெரியாது. அறைச் சுவரை ஒட்டி, பால்கனித் தரையில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலையைத் தொடங்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

செங்கல்லில் அடைக்கவே அடைக்காதீர்கள். நாலரை அங்குலச் சுவர் 3 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்குப் பூச்சில்லாமலே சுமார் 650 கிலோ வரும். அவ்வளவும் தளத்தின் வெளி விளிம்பில், அதாவது மிக மோசமான இடத்தில் உட்காரும். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போதும். தளம் அதைத் தாங்குமா என்று மட்டும் பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அறைத் தரையோடு சமமாக்க கான்கிரீட் கொட்டுவதும் இதே தவறுதான்: 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 120 கிலோ ஏறும்.

தண்ணீர் வெளியேறும் வாயை மூடாதீர்கள், கண்ணாடி அடைப்பிலும் சாரல் கசியும். மேல்வீட்டுக் குழாய் பால்கனி வழியாக இறங்கினால், அதைப் பலகையால் மறைக்கும்போது திறக்கும் கதவு ஒன்று வைக்க வேண்டும். உள்ளறைக்குக் காற்று அந்த வழியாக மட்டும்தான் வருகிறதென்றால், திறக்கக்கூடிய ஜன்னல் கட்டாயம்.

சுவரைப் பூசுவதற்கு முன், வயரும் குழாயும் போகும் பாதையை அளவு நாடாவோடு சேர்த்துப் படமெடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அடுத்து அங்கே துளை போடப்போகிறவருக்கு அது தேவைப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்